டிரம்ஸ் ரிங் அடிக்கிறதா? துண்டைத் தேடும் முன் ஹெட்டைப் பாருங்கள்

சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது காலால் மிதிக்கும் 22 இன்ச் பேஸ், 10, 12, 14 இன்ச் டாம்கள் (14 இன்ச்தான் ஃப்ளோர் டாம்), கீழே கம்பி பூட்டிய 14 இன்ச் ஸ்னேர். கம்பெனியிலிருந்து வந்த ஹெட்டே, அதாவது டிரம்மின் வாயில் இழுத்துக் கட்டிய தோலே, மூன்று வருடமாக ஓடுகிறது. டாமை அடித்தால் 'ஓங்ங்' என்று இழுக்கிறது, ஸ்னேர் 'டிங்' என்கிறது. டேப் ஒட்டினார், துண்டு போட்டார், பேஸுக்குள் தலையணையைத் திணித்தார். இப்போது பின்வரிசைக்காரர்கள் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்கிறார்களாம். நாதமும் வேண்டும், இழுவையும் கூடாது, எந்த ஹெட் வாங்குவது என்பது கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாம்களுக்கு மேலே இரட்டை அடுக்கு கிளியர் (பூச்சு இல்லாதது), கீழே ஒற்றை அடுக்கு. ஸ்னேருக்கு மேலே ஒற்றை அடுக்கு கோட்டட் (சொரசொரப்பான பூச்சு உள்ளது). பேஸுக்கு விளிம்பு வளையத்தோடு வரும் ஹெட். ஆனால் தம்பி, ஏன் இப்படி என்று புரியாமல் வாங்கினால் ஆறு மாதத்தில் மறுபடியும் துண்டைத்தான் தேடுவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் செட்டில் உட்கார்ந்து ஒன்று செய்து பாருங்கள். 12 இன்ச் டாமின் மேல் இருக்கும் டேப், துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நடுவில் குச்சியால் ஒரு அடி. 'தும்' என்ற அடிநாதமும் அதற்கு மேலே 'ஈங்' என்று ஓர் ஓசையும் சேர்ந்து வரும். இப்போது இடது ஆள்காட்டி விரலை நட்டநடுவில் லேசாக, அழுத்தாமல் வையுங்கள். ஏதாவது ஒரு லக்குக்கு (ஸ்க்ரூ மாட்டும் இடம்) நேராக, ரிம் எனும் சுற்று விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே குச்சி நுனியால் தட்டுங்கள். 'தும்' காணாமல் போய், 'ஈங்' மட்டும் தனியாகக் கேட்கும். நீங்கள் விரட்ட நினைப்பது அந்த ஓசையைத்தான். அப்புறம் விரலை நடுவிலிருந்து எடுத்து விளிம்பு ஓரமாக வைத்துக்கொண்டு நடுவில் அடியுங்கள். 'ஈங்' அடங்கிப்போகும். 'தும்' கிட்டத்தட்ட அப்படியே நிற்கும்.

இந்த ஒரு சோதனையில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. அடிநாதம் ஒலிக்கும்போது தோல் முழுவதும் ஒன்றாக மேலும் கீழும் போய்வருகிறது. நடுவில் அசைவு அதிகம், ஓரத்தில் மிகக் குறைவு. மேலே கேட்கும் ஓசைகளுக்குத் தோல் இரண்டாக, நான்காகப் பிரிந்து, ஒரு பாகம் ஏறும்போது அடுத்த பாகம் இறங்கும். அந்தப் பாகங்களைப் பிரிக்கும் கோடு நடுவழியாகப் போகிறது, ஆட்டம் ஓரத்துப் பக்கம் இருக்கிறது. அதனால்தான் நடுவில் எதையாவது ஒட்டினால் வேண்டிய நாதம் செத்து, வேண்டாத இழுவை தப்பித்துக்கொள்கிறது. துண்டால் முழுவதையும் மூடினால் இரண்டுமே போய்விடும். உங்கள் பின்வரிசைக்காரர்கள் கேட்ட அட்டைப்பெட்டி இதுதான்.

இந்த மேல் ஓசைகள் ஏன் காதை உறுத்துகின்றன? வீணைத் தந்தியில் மேல் ஓசைகள் அடிநாதத்தின் 2 மடங்கு, 3 மடங்கு என்று ஒழுங்காக வரும், அதனால் ஒன்றோடொன்று இழையும். வெறும் வட்டத் தோலில் அவை 1.59, 2.14, 2.30 மடங்கு என்று முன்னுக்குப்பின் முரணாக வரும். நம் மிருதங்கம் இதற்கு விலக்கு. வலது பக்கத் தோலான வலந்தலை நடுவில் கருப்பாக அப்பியிருக்கும் சாதம்தான் அந்தக் கோணல் ஓசைகளை இழுத்து 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. சர் சி.வி. ராமன் 1920லேயே இதை ஆராய்ந்து எழுதினார், 1935ல் இன்னும் விரிவாக எழுதினார். மிருதங்கக்காரர் மோதிர விரலைத் தோலில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு மீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஓசை வர வேண்டும், எது வரக் கூடாது என்பதை அந்த விரல்தான் தீர்மானிக்கிறது. டிரம் செட்டில் சாதமும் இல்லை, சும்மா இருக்கும் விரலும் இல்லை. அந்த வேலையை ஹெட்டின் தடிமனும் விளிம்பு வளையமும்தான் செய்ய வேண்டும்.

சரி, ஹெட்டுக்கு வருவோம். ஒரு காலத்தில் எல்லாமே கன்றுத் தோல்தான். மழை பெய்தால் தொய்யும், வெயிலில் இறுகும். பறையைத் தீயில் காய்ச்சுகிற மாதிரி, அங்கே பேஸ் டிரம்முக்குள் பல்பை எரியவிட்டுச் சூடேற்றினார்கள். 1950களின் பிற்பாதியில் சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி போன்றவர்கள் மைலார் என்ற பாலியெஸ்டர் படலத்தில் ஹெட் செய்து விற்க ஆரம்பித்தபோதுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. இன்று கடையில் பார்க்கும் எவன்ஸ், ரெமோ பெயர்கள் அவர்களுடையவை.

தடிமனை 'மில்' கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ரெமோ அம்பாசடர், எவன்ஸ் ஜி1 இரண்டும் 10 மில் ஒற்றை அடுக்கு. மில்லிமீட்டரில் கால் பங்குதான், ஆனாலும் நல்ல திறந்த நாதம். மெல்ல அடித்தாலும் பேசும், இழுவையும் அதிகம். ரெமோ எம்பரர், எவன்ஸ் ஜி2 இரண்டும் 7 மில் படலம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தவை. இரண்டு படலமும் ஒன்றோடொன்று உரசுவதால் மேல் ஓசைகள் சீக்கிரம் தேய்ந்துபோகும். எடையும் கூடுவதால் குரல் கனமாக இருக்கும். பின்ஸ்ட்ரைப், இசி2 வகைகளில் இதே இரண்டு அடுக்கோடு ஓரத்திலும் கட்டுப்பாடு உண்டு, பின்ஸ்ட்ரைப்பில் பசையாக, இசி2வில் வளையமாக. எவன்ஸ் ஹைட்ராலிக் இன்னும் ஒரு படி போய், இரண்டு அடுக்குக்கு நடுவே எண்ணெய்ப் படலம் வைத்தது. அடித்தால் 'தப்' என்று முடிந்துவிடும். 1970களில் ஸ்டுடியோக்களில் கீழ் ஹெட்டைக் கழற்றி, டேப் ஒட்டி, கிட்டத்தில் மைக் வைத்து வறண்ட சத்தம் தேடிய காலத்துக்கு ஏற்ற ஹெட் அது. எனக்கு அது பிடிக்காது. ரெக்கார்டிங்கில் அழகாக இருப்பது ஹாலில் உயிரில்லாமல் போவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

உங்களுக்கு நான் ஜி2 அல்லது எம்பரர் கிளியர்தான் சொல்வேன். பின்ஸ்ட்ரைப் வரை போக வேண்டாம். காரணம் இருக்கிறது. ஹெட்டுக்குள்ளேயே இருக்கும் அமுக்கத்தை வாங்கிய பிறகு எடுக்க முடியாது. கொஞ்சம் திறந்த ஹெட்டில் தேவைப்பட்டால் ஒரு ஜெல் துண்டு (பிசுபிசுப்பான, மெத்தென்ற சின்னப் பட்டை) ஒட்டிக்கொள்ளலாம், வேண்டாத அன்று எடுத்துவிடலாம். கோட்டட், கிளியர் வித்தியாசம் டாமில் அவ்வளவு பெரிதில்லை. கிளியரில் குச்சி படும் 'டக்' கொஞ்சம் தெளிவு, கோட்டடில் கொஞ்சம் மிருது. பிரஷ் வைத்து வாசிப்பவர் என்றால் ஸ்னேரில் கோட்டட் இல்லாமல் முடியாது, சொரசொரப்பு வேண்டுமே.

கீழ் ஹெட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. குச்சி படுவதில்லை என்பதால் அதற்கு வயதாகாது என்று நினைக்கிறோம். ஆனால் அடித்த பிறகு நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது பெரும்பாலும் அதன் கையில்தான் இருக்கிறது. மேல் ஹெட்டை மூன்று முறை மாற்றினால் கீழே ஒரு முறையாவது மாற்றுவது என் வழக்கம். டாம்களுக்குக் கீழே அம்பாசடர் கிளியர் அல்லது ஜி1 போதும். அங்கேயும் இரட்டை அடுக்கு போட்டுவிடாதீர்கள், டிரம் ஊமையாகிவிடும். ட்யூனிங்கில் ஒரு கணக்கு உண்டு. மேலும் கீழும் ஒரே சுருதியில் நின்றால் நாதம் மிக நீளமாகப் போகும். இரண்டுக்கும் இடைவெளி விட்டால் குறையும். உங்கள் ஹாலுக்குக் கீழ் ஹெட்டை மேலதைவிட இரண்டு மூன்று அரைச்சுரம் ஏற்றி வையுங்கள். காசு செலவில்லாமல் இழுவை குறையும், குரலும் போகாது.

புது ஹெட் போடும்போது அவசரப்படாதீர்கள். பழையதைக் கழற்றியதும் மரத்தின் விளிம்பைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். எங்காவது பள்ளமோ சிலும்போ தட்டுப்பட்டால் எந்த ஹெட் போட்டாலும் அந்த இடத்தில் முரண்டு பிடிக்கும். பிறகு எல்லா ஸ்க்ரூவையும் கையாலேயே இறுகும் வரை திருகி, டிரம் கீ (ஸ்க்ரூ திருகும் சாவி) போட்டுக் கால் சுற்று கால் சுற்றாக, எதிரெதிராகப் போங்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்க்ரூவாக வட்டமாகப் போனால் ஹெட் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். உள்ளங்கையால் நடுவில் அழுத்தும்போது சில ஹெட்டில் 'நறநற'வென்று சத்தம் வரும். அது வளையத்தில் இருக்கும் பசை விட்டுக்கொடுக்கும் சத்தம், பயப்பட வேண்டாம். அப்புறம் முன்பு சொன்ன விரல் வித்தையை ஒவ்வொரு லக்கிலும் செய்யுங்கள். எல்லா இடத்திலும் 'ஈங்' ஒரே சுருதியில் வர வேண்டும். நீங்கள் சொல்லும் 'ஓங்ங்' என்ற அலைவு பல சமயம் ஹெட்டின் குற்றமே இல்லை. ஒரு லக் கொஞ்சம் ஏறி, எதிர் லக் கொஞ்சம் இறங்கி, இரண்டு சுருதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அலைகிறது. அதைத் துண்டு போட்டு மறைக்கத்தான் முடியும், தீர்க்க முடியாது. மூன்று வருட ஹெட்டில் குழி விழுந்திருக்கும், அதை எப்படித் திருகினாலும் இந்தச் சோதனையில் தேறாது. அதனால்தான் மாற்றச் சொல்கிறேன்.

ஸ்னேருக்கு மேலே அம்பாசடர் கோட்டட் அல்லது ஜி1 கோட்டட். கீழே ஸ்னேர் சைட் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள், 3 மில்தான் இருக்கும். அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் கம்பிகள் மெல்லிய அடிக்கும் பதில் சொல்லும். கடைக்காரர் தெரியாமல் சாதாரண 14 இன்ச் ஹெட்டைக் கொடுத்துவிடலாம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே மெலிவு தெரியும். கீழ் ஹெட்டை நன்றாக இறுக்குங்கள், மேலே நடுத்தரம். 'டிங்' மிச்சம் இருந்தால் ஒரு விரல் அகல ஜெல் துண்டை ரிம்மை ஒட்டினாற்போல வையுங்கள். ஜெல்லில் தூசி படிந்தால் தண்ணீரில் கழுவினால் மறுபடி ஒட்டும். சின்ன டாம் அடிக்கும்போது ஸ்னேர் கம்பி 'சர்ர்' என்று கூடவே பேசுவது வேறு வியாதி. டாமின் சுருதி ஸ்னேரோடு மோதுகிறது. 10 இன்ச்சைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

பேஸ் டிரம் விஷயத்தில் மட்டும் அமுக்கத்துக்கு நான் எதிரியில்லை. 22 இன்ச் தோலைத் திறந்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் 'பூம்ம்' என்று நின்று, கீபோர்டின் இடது கைக்கும் பேஸ் கிட்டாருக்கும் இடமே இருக்காது. ரெமோ பவர்ஸ்ட்ரோக் 3 ஹெட்டின் உள்பக்கம் ஓரத்தில் படலத்திலேயே ஒரு வளையம் சேர்ந்திருக்கும். எவன்ஸ் இமேட் ஹெட்டில் வெளிப்பக்கம் மாட்டிக் கழற்றக்கூடிய ஃபோம் வளையம் மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று என்று கூடவே வரும். ஹாலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதால் உங்களுக்கு இமேட்டைத்தான் சொல்வேன். முன் ஹெட்டில் நடுவிலிருந்து தள்ளி ஒரு 4 அல்லது 5 இன்ச் ஓட்டை போதும். மைக் உள்ளே போகும், காற்று வெளியே வரும், மிதிக்கும்போது பெடல் துள்ளுவது குறையும். ஓட்டை பெரிதாகப் பெரிதாக முன் ஹெட் இருந்தும் இல்லாத கணக்குதான். தலையணையை எடுத்துவிடுங்கள். ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி, பின் ஹெட்டை மட்டும் கொஞ்சம் தொடுகிற மாதிரி கீழே கிடத்துங்கள். 1966ல் பீட்டில்ஸ் ரெக்கார்டிங்கில் சவுண்ட் இன்ஜினியர் ஜெஃப் எமரிக் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத்தான் திணித்து, மைக்கையும் அருகே கொண்டுபோனார். அன்றைக்கு அது புதுமை. அவருக்கு வேண்டியதைக் கொடுக்க மைக் பக்கத்திலேயே இருந்தது. மைக் இல்லாமல் வாசிக்கும் ஞாயிறுகளில் உங்கள் தலையணை நாதத்தைத் தின்றுவிட்டுத் திருப்பி எதையும் தராது.

இப்போது மிக முக்கியமான விஷயம், நீங்கள் உட்காரும் ஸ்டூல். டிரம்மர் கேட்கும் டிரம்ஸும் சபை கேட்கும் டிரம்ஸும் ஒன்றல்ல. உங்கள் காதுக்கும் டாமுக்கும் இரண்டரை அடி. அந்த 'ஈங்' ஓசையெல்லாம் கிட்டத்தில்தான் இரைச்சல். நாலு வரிசை தாண்டி, கீபோர்டும் கிட்டாரும் பாட்டும் சேர்ந்ததும் அது மற்ற சத்தத்தில் கரைந்து, டாமுக்குச் சதையாக மாறிவிடும். ஒருமுறை கல்யாண ரிசப்ஷன் கச்சேரிக்கு முன்னால் என் காதுக்கு இழுவை துளிகூட இல்லாதபடி ஒவ்வொரு டாமிலும் டேப்பை மடித்து மடித்து ஒட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டால் கேசட்டில் கேட்கிற மாதிரி சுத்தமாக இருந்தது. முதல் பாட்டு முடிந்ததும் கீபோர்டு அண்ணன் குனிந்து, "டேய், ஹால்ல டிரம்ஸே வரல, டக்கு டக்குனு ஏதோ பெஞ்சைத் தட்டுற மாதிரி இருக்குதாம்" என்றார். இரண்டாவது பாட்டுக்கு நடுவே கையில் கிடைத்த டேப்பையெல்லாம் பிய்த்தேன். அன்றிலிருந்து வேறொருவரை அடிக்கச் சொல்லிவிட்டுப் பத்தாவது வரிசையில் போய் நின்று கேட்காமல் ஒரு ஜெல் துண்டுகூட ஒட்டுவதில்லை. நீங்களும் யூத் பையன் யாரையாவது உட்கார வைத்து, பாட்டுக் குழுவையும் பாடச் சொல்லிவிட்டு, கடைசி வரிசை வரை நடந்து வாருங்கள்.

உங்கள் ஹால் கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை என்றால் இழுவையில் பாதி அந்தச் சுவருடையது. அங்கே ஹெட்டைக் கொன்றாலும் எதிரொலி போகாது. ஹாலே நீட்டித் தருவதால் டிரம் கொஞ்சம் சீக்கிரம் அடங்கினால் நல்லது, அதனால்தான் இரட்டை அடுக்கு. இதே செட்டைத் திறந்தவெளிக் கூட்டத்துக்கு எடுத்துப் போனால் நிலைமை தலைகீழ். சுவர் இல்லை, கூரை இல்லை, சத்தத்தைத் திருப்பித் தர ஒன்றுமில்லை. அன்று ஜெல், ஃபோம் வளையம் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹமின் டிரம்ஸை இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மேலே படிக்கட்டில் மைக் வைத்துப் பதிவு செய்தார்கள். 26 இன்ச் பேஸ், டாம்களில் இரட்டை அடுக்கு கோட்டட் எம்பரர், டேப் மயமான அமுக்கம் கிடையாது. அந்தச் சத்தத்தில் பாதி அந்தக் கூடத்தினுடையது. அதைக் கேட்டுவிட்டு அதே ஹெட்டை வாங்கி எட்டுக்குப் பத்து அறையில் போட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

சவுண்ட் இன்ஜினியர் டேப் ஒட்டச் சொன்னால் கோபப்படாதீர்கள். டாமுக்கு நாலு அங்குலத்தில் மைக் இருக்கும்போது பேஸை மிதித்தால் ஃப்ளோர் டாமும் கூடவே முனகும், அது அவருக்குத் தொல்லைதான். ஆனால் துண்டுக்குப் பதில் ஃப்ளோர் டாமின் ஓரத்தில் இரண்டு ஜெல் வைத்துவிட்டு, "இது போதுமா அண்ணே" என்று கேளுங்கள். பெரும்பாலும் போதும் என்பார்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாது என்று தெரியும். சர்ச் கமிட்டியிடம் கேட்டு வாங்குவது எவ்வளவு பாடு என்பதும் தெரியும். முதலில் மூன்று டாமுக்கும் மேல் ஹெட். குழி விழுந்த ஹெட்டை எந்த ட்யூனிங்கும் காப்பாற்றாது. அடுத்து பேஸ். அடுத்து ஸ்னேரின் இரண்டு பக்கமும். கடைசியாக டாம்களின் கீழ் ஹெட். அதுவரை கீழே இருப்பதை நன்றாகத் துடைத்து, சுருதி மட்டும் சரிசெய்து ஓட்டலாம்.

ஃப்ளோர் டாமிலிருந்து கழற்றும் பழைய 14 இன்ச் ஹெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உலோக வளையத்தை ஒட்டி, படலம் மடியும் இடத்துக்குச் சற்று உள்ளே நல்ல கத்தரியால் வட்டமாக வெட்டி எடுங்கள். பிறகு அந்த வட்டத்தின் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே பென்சிலால் இன்னொரு வட்டம் போட்டு, உள்பகுதியை வெட்டி நீக்குங்கள். மீதி கிடைப்பது ஓர் அங்குல அகல வளையம். ஸ்னேர் ரிம்முக்குள் அப்படியே உட்காரும், ஒட்டவும் வேண்டாம். ஸ்னேருக்குப் புது ஹெட் வரும் வரை அந்த 'டிங்' அடங்க இது போதும். வளையம் முழுதாக இருந்தால் அதிகம் அமுங்குகிறது என்று தோன்றினால் பாதியாக வெட்டி அரைவட்டம் மட்டும் வைத்துப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருக்கும், வெட்டும்போது விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.